அனற்கோள்களின் வளி

புதிய கோள் ஒன்று கண்டறியப்பட்டது என்னும் செய்தி நாளிதழில் வருங்கால், படிப்போர் எழுப்பும் முதல் வினா, ‘ஆங்கு உயிர்கள் உளவா?’ என்பதேயாகும். ‘இல, அக்கோள் உலையினும் கொதிப்பது, காலூன்ற நிலமும் அற்றது’ என்று விடை வருமாயின், அவர்தம் ஆர்வம் அக்கணமே அவிந்துவிடும், கண் அடுத்த செய்திக்குத் தாவும். இவ்வழக்கம் இயல்பே ஆயினும் நேரிதன்று. வான்நூலார் கடந்த முப்பதாண்டுகளிற் கற்றவற்றுள் மிக நுண்ணியவை பல, உயிர் வாழவியலாத அனற்கோள்களிடமிருந்தே கற்கப்பட்டன. உயிருள்ள உலகம் பிறிதொன்று எங்கேனும் இருக்குமாயின், அதனை ஐயமறக் கண்டுகொள்ளும் ஆற்றலும் இவற்றின்கண் பெற்ற பயிற்சியினாலேயே மாந்தர்க்கு வாய்க்கும். ஆதலின் இவற்றைப் பயனில் கோள்கள் என்று ஒதுக்குதல், ‘அரிச்சுவடி வேண்டா, காப்பியமே கற்போம்’ என்று ஒரு சிறுவன் அடம்பிடித்தலை ஒக்கும்.

விண்ணில் ஒளிர்வனவற்றை நம் முன்னோர் நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் பகுத்தனர். தானே ஒளிரும் விண்மீன் வேறு. அதனைச் சுற்றிவந்து, அதன் ஒளியைப் பெற்று விளங்கும் கோள் வேறு. ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் எட்டு. ஏனைய விண்மீன்களுக்கும் கோள்கள் இருத்தல் கூடும் என்று அறிஞர் நெடுங்காலமாகக் கருதிவந்தனர். எனினும், ஞாயிற்றை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள் 1995 ஆம் ஆண்டிலேதான் முதன்முதற் கண்டறியப்பட்டது. ஜெனீவா நகரத்து அறிஞர் மிசெல் மேயரும் அவர்தம் மாணவர் டிடியே கெலோசும் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள வான் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து, ‘51 பெகாசி’ என்னும் விண்மீனை ஆராய்ந்து அதனைக் கண்டனர். அதன்பொருட்டு அவ்விருவரும் 2019 ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர்.

அக்கோள் கண்டோரை மருளச் செய்தது. அது வியாழனைப் போன்ற பெருங்கோள். எடையில் வியாழனின் பாதியளவேனும் உடையது. வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இக்கோளோ தன் விண்மீனை நான்கே நாள்களிற் சுற்றிவிடுகிறது. புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையேயுள்ள தொலைவை இருபது கூறு செய்தால், அவற்றுள் ஒரு கூறு தொலைவிலேயே அது தன் விண்மீனை அணுகிச் சுழல்கிறது. அத்துணை நெருக்கத்திற் பெருங்கோள் ஒன்று இருத்தல் கூடும் என்று அதற்குமுன் எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. பின்னர் இத்தகைய கோள்கள் பல வெளிப்பட்டன. அவற்றை ‘வெவ்வியாழன்கள்’ என்னும் பொருள்படும் பெயரால் மேனாட்டார் வழங்குவர். அனற்கோள்கள் என்று நாம் கூறலாம். அவற்றுட் பெரும்பாலானவை திங்கள் நமக்குத் தன் ஒரு முகத்தையே காட்டுதல் போலத் தம் விண்மீனுக்கு ஒரு முகத்தையே காட்டி நிற்பன. ஆதலின் ஒருபால் என்றும் பகல். மறுபால் என்றும் இரவு. பிற விண்மீன்களைச் சுற்றுவனவாக அறியப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2025 ஆம் ஆண்டில் ஆறாயிரத்தைக் கடந்தது. அவற்றுள் அனற்பெருங்கோள்கள் சிறுபான்மையே எனினும், வளிமண்டல ஆராய்ச்சியில் முதலிடம் அவற்றிற்கே உரியதாயிற்று.

எட்டாத் தொலைவிலுள்ள ஒரு கோளின் காற்றில் இன்ன பொருள் கலந்துள்ளது என்று கூறுதல் எங்ஙனம்? இஃது இயலாது என்றே ஒரு காலத்திற் பேரறிஞரும் எண்ணினர். பிரான்சு நாட்டு மெய்யியல் அறிஞர் ஆகஸ்ட் காம்ட் என்பார் 1835 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பகுதியில், விண்மீன்களின் வடிவையும் தொலைவையும் இயக்கத்தையும் அறிதல் கூடும். அவை எப்பொருள்களால் ஆயவை என்பதனை எவ்வாற்றானும் அறிதல் கூடாது என்ற கருத்தை உறுதியாக எழுதினார். காம்ட் 1857 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் அக்கூற்றுப் பொய்த்தது. ஆயினும் அவரை எள்ளுதல் முறையன்று. விண்மீனுக்குச் செல்ல வழியில்லை. அதன் பொருளைக் கையில் எடுத்து ஆராயவும் வழியில்லை. வருவது ஒளி ஒன்றே. ஒளியினுள் எழுத்து இருத்தல் கூடும் என்பதே அவர் எண்ணாத ஒன்று.

அவ்வெழுத்தினை முன்னரே கண்டவர் ஒருவர் இருந்தார். அவர் வரலாறு சிறிது விரித்துரைத்தற்குரியது. ஜெர்மனி நாட்டு யோசப் பிரான்ஹோபர் இளமையிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக்கு நகரில் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் பணிகற்கச் சேர்ந்தார். 1801 ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், அவர் வாழ்ந்த வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினுள் அகப்பட்ட சிறுவர் உயிருடன் மீட்கப்பட்டார். மீட்பினைக் காண வந்திருந்த அந்நாட்டுக் கோமகன் அவர்பால் இரக்கங்கொண்டு பொருளுதவினார். அவ்வுதவியால் நூல்களைப் பெற்றுத் தாமே கற்ற அச்சிறுவர், பின்னாளில் ஐரோப்பாவிலேயே சிறந்த கண்ணாடி வில்லைகளைச் செய்பவரானார். 1814 ஆம் ஆண்டில் அவர் ஞாயிற்றொளியை ஒரு நுண்ணிய பிளவின் வழியே செலுத்தி, முப்பட்டைக் கண்ணாடியால் விரித்து, தொலைநோக்கி கொண்டு நோக்கினார். செம்மை முதல் ஊதா ஈறாக விரிந்த அந்நிறங்களின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் கிடந்தன. அவற்றுள் ஒருசிலவற்றை உல்லாஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1802 ஆம் ஆண்டிலேயே கண்டதுண்டு. ஆயின் அவர் அவற்றைப் பின்தொடரவில்லை. பிரான்ஹோபரோ ஐந்நூற்றெழுபதிற்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணி, இடம் குறித்து, படம் வரைந்து வைத்தார். அவை யாவை என்பதனை அறியாமலே, முப்பத்தொன்பதாம் வயதில் அவர் இறந்தார். பொருள் விளங்காத ஏட்டினையும் எழுத்துப் பிசகாது படியெடுத்து வைத்த பெருந்தகைமை அஃது.

அக்கோடுகளின் பொருளை 1859 ஆம் ஆண்டில் ஹைடல்பர்க்கு நகரத்துக் கிர்க்காபும் புன்சனும் கண்டனர். ஒவ்வொரு தனிமமும் சூடேறி ஆவியாகுங்கால் தனக்கே உரிய நிறக்கோடுகளை வெளியிடும். தன்னினும் மிக்க வெப்பமுடைய ஒளிமூலத்தின்முன் அவ்வாவி நிற்குமாயின், அக்கோடுகளையே விழுங்கிக் கருமையாக்கும். இதன் முதற்பகுதியை அடுக்களையிலேயே காணலாம். எரிவாயு அடுப்பின் நீலச்சுடரில் உப்பிட்ட உலைநீர் தெறித்தால் சுடர் மஞ்சளாகின்றது. அம்மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் கையெழுத்து. ஞாயிற்றின் ஒளியில் அதே இடத்திற் கருங்கோடு இருத்தலின், ஞாயிற்றின் புறத்தே சோடிய ஆவி உண்டு என்பது பெறப்பட்டது. 1868 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள் நேர்ந்த முழு ஞாயிற்று மறைப்பின்போது, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர் முதலிய இடங்களில் அறிஞர் திரண்டு ஞாயிற்றின் விளிம்பொளியை ஆராய்ந்தனர். ஆங்குப் புலப்பட்ட மஞ்சட் கோடு ஒன்று சோடியத்தினது அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புவியில் எவரும் அறியாத அப்பொருளுக்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். புவியிலேயே அது கைக்கு அகப்பட்டது 1895 ஆம் ஆண்டில். வானத்திற் படித்த எழுத்து மண்ணில் மெய்யாயிற்று.

நிறங்கள் நிரல்படத் தொடுக்கப்பட்டமையின் இதனை நிறமாலை என்றனர் தமிழர். பொருட்பொருத்தமுடைய நற்சொல், மூலச் சொல்லினும் அழகியது எனினும் மிகையாகாது.

விண்மீனின் ஒளி நேரே வருகின்றது. கோளின் காற்றை எவ்வாறு படிப்பது? கோள் விண்மீனின் அருகிலேயே இருத்தலின் இரண்டும் ஒரு புள்ளியாகவே தோன்றும். பிரித்துக் காண்டல் அரிது. இவ்விடர்க்கு இயற்கையே ஒரு வழியை வைத்துள்ளது. சில கோள்கள் தம் சுற்றில் ஒவ்வொருமுறையும் நமக்கும் விண்மீனுக்கும் இடையே குறுக்காகச் செல்கின்றன. அப்பொழுது விண்மீனின் ஒளி சிறிது குறைகிறது. கோளின் உடல் ஒளியை முற்றும் மறைக்கும். அதனைச் சூழ்ந்த காற்றோ மெல்லிய வளையம்போல் நின்று, விண்மீனின் ஒளியைத் தன்னூடே விடும். அங்ஙனம் ஊடுருவும் ஒளியில், காற்றிலுள்ள பொருள்கள் தமக்குரிய நிறங்களை மட்டும் விழுங்கிவிடுகின்றன. அந்நிறத்திற் பார்க்குங்கால் கோள் சற்றே பருத்ததாகத் தோன்றும். பிற நிறத்திற் பார்க்குங்கால் சற்றே சிறுத்ததாகத் தோன்றும். நிறந்தோறும் கோளின் பருமையை அளந்து வரைந்தால், அதுவே அக்கோளின் காற்று எழுதிய ஏடாகும். கோள் விண்மீனின் பின்னே சென்று மறையும்போதும் ஒரு பயன் உண்டு. மறைவதற்குமுன் வந்த ஒளியிலிருந்து மறைந்தபின் வரும் ஒளியைக் கழித்தால், எஞ்சுவது கோளின் பகற்புறத்து ஒளி.

இவ்வழியில் முதற்கோள், ‘எச்.டி. 209458 பி’ என்பது. (இப்பெயர்கள் செவிக்கு இனியனவல்ல, கதவில் அடித்த இலக்கத் தகடுகளை ஒப்பன. பெயர் சூட்டுதலில் வான்நூலார் வறியர் போலும்!) ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இது, மூன்றரை நாளைக்கு ஒருமுறை தன் விண்மீனைக் கடக்கின்றது. இக்கடப்பு 1999 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது; அப்போது விண்மீனின் ஒளி நூற்றில் ஒன்றரைப் பங்கு குறைந்தது. அடுத்து, டேவிட் சார்பனோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் நான்கு கடப்புகளை நோக்கினர். சோடியத்திற்குரிய மஞ்சட் பகுதியில் மட்டும் ஒளி பதினாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதியாகக் குறைந்தமை கண்டு, அக்கோளின் காற்றிற் சோடியம் உண்டு என்று 2001 ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலுள்ள கோளொன்றின் வளிமண்டலம் பற்றி மாந்தர்க்குக் கிடைத்த முதற்செய்தி இதுவேயாம். பதினாயிரம் நெல்மணிகளை எண்ணி, அவற்றுள் இரண்டு குறைகின்றன என்று கூறுதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இத்தகைய குறைவும் அனற்கோள்களிடத்திலேயே காணத்தக்கதாக உள்ளது. வெப்பம் மிக மிகக் காற்று விரியும். ஹைடிரஜன் போன்ற மெல்லிய வளிகள் மிக்கதாயின் அது மேலும் உயர எழும். கோளின் ஈர்ப்பு மிகாதாயின் அவ்வுயரம் இன்னும் கூடும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவை அனற்பெருங்கோள்கள். அவற்றின் காற்று உலையிலிட்ட பால்போற் பொங்கி நிற்கின்றது. நம் புவியை வேற்றுலகத்தார் ஒருவர் தொலைவிலிருந்து நோக்குவதாகக் கொள்வோம். புவி ஞாயிற்றின் குறுக்கே செல்லுங்கால் ஏறத்தாழப் பன்னீராயிரத்தில் ஒரு பங்கு ஒளியே மறையும். அதன் காற்றுவளையத்தால் நேரும் குறைவோ பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே. பதினாயிரத்தில் இரண்டினைப் பிழையின்றிப் படிக்கக் கல்லாதார், பத்து இலட்சத்தில் ஒன்றினைப் படித்துவிட்டதாகக் கூறின் அதனை எவர் நம்புவர்?

தரையிலுள்ள தொலைநோக்கிகளாலும் இப்பணி நிகழ்கின்றது. இரயில்வண்டி நம்மை நோக்கி வருங்கால் அதன் ஊதல் உச்சமாகவும், விலகிச் செல்லுங்கால் தணிந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. கோள் வினாடிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடுதலின், அதன் நிறக்கோடுகள் மணிக்கு மணி இடம் பெயர்கின்றன; விண்மீனின் கோடுகளும் புவிக்காற்றின் கோடுகளும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நகர்வனவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் கோளின் எழுத்துத் தனியே கிடைக்கும். 2010 ஆம் ஆண்டில் இம்முறையால் அதே கோளிற் கார்பன் மோனாக்சைடு கண்டறியப்பட்டது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பரணல் மலைமீதுள்ள மிகப் பெருந் தொலைநோக்கி இதற்குப் பயன்பட்டது. ஆங்கு வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் விரைவிற் பெருங்காற்று வீசுதல் கூடும் என்றும் அவ்வாராய்ச்சியாளர் கணித்தனர்.

இவ்வாறு கற்றவை சில வியப்பூட்டுவன. 670 ஒளியாண்டு அளவு தொலைவிலுள்ள ‘கெல்ட் 9 பி’ என்னும் கோளின் பகற்புறம் ஏறத்தாழ 4,300 பாகை சென்டிகிரேடு வெப்பமுடையது. செந்நிற விண்மீன்கள் பலவும் இத்துணை வெப்பம் உடையனவல்ல. அதன் காற்றில் இரும்பும் டைட்டேனியமும் ஆவியாய்த் திரிதல் 2018 ஆம் ஆண்டிற் புலனாயிற்று. இரும்பணுக்களுட் பல, மின்னணு ஒன்றை இழந்த நிலையில் இருந்தன. எவ்வெப்பத்தில் எவ்வணு மின்னணுவை இழக்கும் என்பதற்கு விதி வகுத்தவர் மேகநாத் சாகா. கல்கத்தாவிற் பணியாற்றிய அவ்வங்க அறிஞர் தம் சமன்பாட்டினை 1920 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மிக்க வெப்பமுடைய இக்கோள்களின் ஒளியை ஆராய்வோர்க்கு மற்றொரு பழங்கணக்கும் துணை நிற்கின்றது. மின்னணு ஒன்று மிகுதியாகப் பெற்ற ஹைடிரஜன் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்பதனை, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர் 1940களில் ஞாயிற்றின்பொருட்டுக் கணித்து வைத்தார். 2018 ஆம் ஆண்டளவில் அக்கணக்கு அனற்கோள்களுக்கும் வேண்டியதாயிற்று. கோள்கள் கண்டறியப்படுவதற்கு அரைநூற்றாண்டு முன்னரே அவற்றைப் படிக்கும் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

‘வாஸ்ப் 76 பி’ என்னும் கோளைப் பற்றி 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தியைப் பலர் படித்திருப்பர். ஆங்கு இரும்பு மழை பொழிகின்றது என்று உலகத்து நாளிதழ்கள் எல்லாம் எழுதின. நிறமாலை கூறியது யாது? கோளின் மாலை விளிம்பில் இரும்பாவியின் கோடுகள் தெளிவாக இருந்தன. காலை விளிம்பில் அவை காணப்படவில்லை. பகற்புறத்து 2,400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆவியான இரும்பு, இராப்புறத்திற் குளிர்ந்து துளியாகியிருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கொண்ட கருத்து. அது நற்கருத்தே. ஆயின், இரு விளிம்புகளின் வெப்ப வேறுபாட்டாலோ முகிற்கூட்டத்தின் மறைப்பாலோ இதே தோற்றம் விளைதல் கூடும் என்று வேறு சிலர் பின்னர் எடுத்துக்காட்டினர். கண்டது கோடுகளின் இன்மை. மழை என்பது உய்த்துணர்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தலைப்பிடுதல் செய்தித்தாள்களுக்கு வழக்கமாகிவிட்டது. படிப்போர் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இவ்விடரை நன்கறிவர். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளியில்லை; எகர ஏகார வேறுபாடு இல்லை; போதாக்குறைக்குச் செல்லரித்த துளைகள் வேறு. துளையை எழுத்தென்று மயங்கினால் பாட்டே திரியும். ஒரு சுவடியை மட்டும் நம்பாது, பல சுவடிகளை ஒப்புநோக்கிய பின்னரே நல்லாசிரியர் பாடத்தை உறுதி செய்தனர். கோளின் நிறமாலைக்கும் இம்முறையே ஏற்றது. ஈண்டும் துளைகள் பல. கருவி சூடேறினும் குளிரினும் அளவு பிறழும். விண்மீனின் முகத்திற் கரும்புள்ளிகள் தோன்றும். விண்மீன் தன்னைத்தானே சுழலுதலாலும் கோடுகள் கோணும்.

இதற்குச் சான்று, முன்னர்க் கூறிய எச்.டி. 209458 பி என்னும் கோளேயாகும். அதன் காற்றில் மேலே செல்லச் செல்ல வெப்பம் மிகுகின்றது என்று 2008 ஆம் ஆண்டில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவுகளைக் கொண்டு உரைத்தனர். அகச்சிவப்பின் நான்கே பட்டைகளில் எடுத்த அளவுகள் அவை. அக்கொள்கை ஆறாண்டுகள் பாடநூற் செய்திபோல் வழங்கிற்று. 2014 ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் மேம்பட்ட முறையால் மீண்டும் அளந்து, அத்தகைய தலைகீழ் வெப்பநிலைக்குச் சான்று இல்லை என்று காட்டினர். அதற்குரிய உண்மைச் சான்று, இன்னும் வெப்பம் மிக்க வாஸ்ப் 121 பி என்னும் கோளில் 2017 ஆம் ஆண்டிற் கிடைத்தது. அஃதன்றியும், முதன்முதற் கண்ட சோடியமே 2020 ஆம் ஆண்டில் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டது. நுண்மை மிக்க கருவிகளால் நோக்கியோர், தாம் கண்ட கோட்டின் சாயலை விண்மீனின் சுழற்சி ஒன்றே தோற்றுவிக்க வல்லது என்றனர். அவ்வழக்கு முற்றத் தீர்ந்தது என்று இன்றும் கூறவியலாது.

‘இருபதாண்டு கழித்தும் ஒரு கோட்டினை உறுதி செய்யவியலாதார் எதனை அறிந்தார்?’ என்று நகைப்பாரும் உளர். அந்நகை பொருந்தாது. தம் துறையின் முதற்பெருங் கண்டுபிடிப்பையே அஞ்சாது மீண்டும் உரைத்துப் பார்க்கும் கூட்டம், பொன்னையும் பித்தளையையும் வேறுபடுத்த அறிந்த கூட்டமாகும். காம்ட் ‘அறியவே இயலாது’ என்று கதவடைத்தார். செய்தித்தாள்களோ ‘அறிந்துவிட்டோம்’ என்று அவசரமாகக் கதவு திறக்கின்றன. இரண்டனுள் பின்னதே இக்காலத்தில் மிக்க தீங்கு பயப்பது.

பொருட்செலவு பற்றிய தடையும் உண்டு. 2021 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ ஆயிரங்கோடி டாலர் செலவாயிற்று. பசித்தோர் உள்ள உலகில் இது வேண்டுமோ என்னும் வினா இகழத்தக்கதன்று. நிறமாலைக் கல்வியின் பயன்களைச் சுட்டி இதற்கு விடை கூறுவர். மருத்துவமனையில் விரல்நுனியிற் பொருத்திக் குருதியின் உயிர்வளி அளவைக் காட்டும் சிறு கருவியும், ஒளி விழுங்கப்படும் அளவைக் கொண்டே இயங்குவதாம். ஆயினும் அறிவினைக் காத்தற்கு ஒவ்வொரு முறையும் இவ்வாறு ஒரு பயனைக் கைகாட்ட வேண்டும் என்பது வலிய வழக்கன்று. பிரான்ஹோபர் கோடுகளை எண்ணியது குருதியை அளத்தற்பொருட்டு அன்று.

உயிர் பற்றிய வினாவிற்கு வருவோம். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ‘கே2-18 பி’ என்பது அனற்கோள் அன்று. புவியினும் எட்டு மடங்கிற்கு மேற்பட்ட எடையுடையது. அதன் காற்றில் மீத்தேனும் கரியமிலவாயுவும் உண்டு என்று 2023 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்பிரலில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் டைமீதைல் சல்பைடு அல்லது அதனை ஒத்த ஒரு பொருளின் குறியினைக் கண்டதாகக் கூறினர். புவியில் அப்பொருளைப் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. உடனே, வேற்றுலக உயிர் அகப்பட்டது என்னும் ஆரவாரம் எழுந்தது. மேலும் நோக்குதல் வேண்டும் என்று அவ்வாராய்ச்சியாளரே கூறிய சொல் அவ்வாரவாரத்தில் அமிழ்ந்தது. அதே அளவுகளைப் பிற குழுவினர் ஆராய்ந்து, அவை அம்முடிபினைத் தாங்கா என்றனர். உயிரற்ற வால்மீன் ஒன்றிலும் அப்பொருள் இருத்தல் 2024 ஆம் ஆண்டிலேயே தெரியவந்திருந்தது.

இதனை அனற்கோள் ஒன்றில் நிகழ்ந்ததனோடு ஒப்பிடுக. ‘வாஸ்ப் 39 பி’ ஏறத்தாழ 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. சனியின் எடையும் வியாழனினும் பெரிய உருவும் 900 பாகை வெப்பமும் உடையது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதனை நோக்கியது. 4.3 மைக்ரான் அலைநீளத்தில் எழுந்த மேடு கரியமிலவாயுவினது என்பது ஐயமின்றித் தெரிந்தது. அதனருகே 4.05 மைக்ரானில் எதிர்பாராத சிறு மேடு ஒன்றும் இருந்தது. அதனைப் பிழையென்று தள்ளவும் இல்லை. புதுமையென்று முழங்கவும் இல்லை. அளவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் தனித்தனியே ஆராய்ந்தனர். அது கந்தக டையாக்சைடு என்று கண்டனர். விண்மீனின் புறவூதா ஒளி நீராவியைச் சிதைக்க, அதிற் பிறந்த கூறுகள் கந்தகத்தோடு கூடி அவ்வளியை ஆக்குகின்றன என்று கணக்கும் வகுத்தனர். ஒளியால் விளையும் வேதிவினை வேற்றுக்கோளிற் கண்டறியப்பட்டது இதுவே முதன்முறை. அத்துடன் நின்றிலர். அது மெய்யாயின், நெடிய அலைநீளங்களிலும் அதன் குறி தோன்றுதல் வேண்டும் அன்றோ? 2023 ஆம் ஆண்டில் வேறொரு கருவியால் அவ்விடத்தை நோக்கினர், 7.7, 8.5 மைக்ரான் அளவிற் குறி இருந்தது. அம்முடிபு 2024 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

வாஸ்ப் 39 பி நான்கு நாளைக்கு ஒருமுறை தன் விண்மீனைக் கடக்கின்றது. ஐயம் எழுந்தால் அடுத்த வாரமே மீண்டும் பார்க்கலாம். கே2-18 பி கடப்பதோ முப்பத்துமூன்று நாளைக்கு ஒருமுறை. தொலைநோக்கி அத்திசையை நோக்கவியலாத திங்கள்களும் ஆண்டில் உண்டு. அதன் குறியும் அனற்கோளின் குறியினும் பன்மடங்கு மெலிது. கந்தகத்திற்குக் கிடைத்த இரண்டாஞ் சான்று போன்றதொன்று அதற்குக் கிடைக்கும்வரை, ஆங்கு உயிர் உண்டு என்று கூறுவார்க்கு விடையாக, ‘இன்னும் எத்தனை கடப்புகளை நோக்கினீர்?’ என்னும் வினாவே அமையும்.